சருகில் எறும்பு பிடிக்கப் புனல் கட்டினேன், மண்தான் விழுகிறது

புதுகைப்_பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. விலங்கியல் கடைசி வருஷம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சாமி காட்டையும், அதை ஒட்டியே கிடக்கும் தைலமரத் தோப்பையும் எடுத்துக்கொண்டு, இரண்டிலும் சருகுக்குள் என்னென்ன எறும்பு வாழ்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் புராஜெக்ட். புதுக்கோட்டைப் பக்கம் போனவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். அய்யனார் கோயிலைச் சுற்றி நாலைந்து ஏக்கருக்கு வீரையும் காசாவும் உலக்கைப்பாலையும் பின்னிக்கொண்டு கிடக்கும், வேலியைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய வரைக்கும் வரிசை வரிசையாகத் தைலமரம்.

இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலைப் பாதியாக வெட்டி, வாய்ப் பக்கத்தைக் கவிழ்த்து வைத்து, கழுத்தில் கம்பி வலை போட்டு, கீழே ஒரு டம்ளரில் ஸ்பிரிட், மேலே 9 வாட் பல்பு. வெளிச்சத்துக்குப் பயந்து எல்லாம் கீழே இறங்கி ஸ்பிரிட்டில் விழும் என்று படித்தேன். மூன்று நாள் இரவும் பகலும் பல்பை எரியவிட்டதில் கிடைத்தது என்ன தெரியுமா, ஒரு மரவட்டைக் குட்டி, இரண்டு செவ்வெறும்பு, டீ டிகாக்‌ஷன் மாதிரி கலங்கிய மண். கடுப்பில் சருகைப் பேப்பரில் கொட்டிப் பார்த்தால், அடியில் இன்னும் ஈரம் இருக்கிறது, எறும்பெல்லாம் முட்டையைத் தூக்கிக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது!

ஸ்பிரிட் வாடைக்குத்தான் இறங்க மாட்டேன் என்கிறதா? அப்புறம், ஒவ்வொரு இடத்திலும் ஐந்து சாம்பிள் எடுத்தால் போதும் என்கிறார்கள், போதுமா? இந்தப் புனலையே விட்டுவிட்டு மண்ணில் கப் புதைத்துப் பிடித்துவிடலாமா? ஒரு மாதம்தான் இருக்கிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சல்லடைச்_சாமி:

தம்பி, 9 வாட் என்றால் அது எல்இடி பல்புதானே? கோளாறு அங்கேதான். வாடையைப் பற்றிக் கடைசியில் யோசிக்கலாம்.

இந்தப் புனலை 1905-இல் இத்தாலிக்காரர் அந்தோனியோ பெர்லேசே செய்தபோது அதில் பல்பே கிடையாது. புனலைச் சுற்றி வெந்நீர் நிற்கிற மாதிரி ஒரு உறை, அவ்வளவுதான். பிறகு ஸ்வீடனில் துல்கிரென் வெந்நீரை எடுத்துவிட்டு மேலே மின்விளக்கை வைத்தார். அதனால்தான் இரண்டு பேர் பெயரையும் சேர்த்துப் பெர்லேசே-துல்கிரென் புனல் என்று சொல்கிறோம். இதில் வேலை செய்வது முக்கியமாகச் சூடுதான். மேலிருந்து சருகு காயக் காய, உள்ளே இருப்பவை ஈரத்தையும் இருட்டையும் தேடிக் கீழே கீழே போய், கடைசியில் போக இடமில்லாமல் விழும். எல்இடி வெளிச்சம் தருமே தவிர சருகை உலர்த்தாது. உங்கள் எறும்புகளுக்கு மூன்று நாள் விளக்கேற்றிக் கொண்டாடியிருக்கிறீர்கள்.

பழைய குண்டு பல்பு 40 வாட் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் சாமி அறையில் போடும் ஜீரோ வாட் பல்பு. பெயர்தான் ஜீரோ, பத்துப் பதினைந்து வாட் இழுக்கும், தொட்டால் சுடும். உங்கள் பாட்டில் அளவுக்கு அதுவே போதும். அதற்காக 100 வாட் போட்டு ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று இறங்காதீர்கள். தோல் மெல்லிய சின்னப் பூச்சிகள், குறிப்பாக வால்வில் பூச்சிகள் (இங்கிலீஷில் ஸ்பிரிங்டெயில்), பாதி வழியிலேயே காய்ந்து செத்து இலையோடு ஒட்டிக்கொள்ளும். மெதுவாக, மூன்று நாலு நாள்.

மண் விழுவதற்கு வேறு வழி இருக்கிறது. டம்ளரை வைத்துவிட்டுச் சருகைக் கொட்டினால் டிகாக்‌ஷன்தான் கிடைக்கும். முதலில் புனலைச் செய்தித்தாள் மேல் பிடித்துக்கொண்டு சருகை நிரப்புங்கள், இரண்டு தட்டுத் தட்டுங்கள், தாளில் உதிர்ந்த மண்ணையும் பூச்சியையும் திரும்ப மேலேயே போடுங்கள். அப்புறம் டம்ளரை வையுங்கள். இன்னொன்று, பாட்டில் பிளாஸ்டிக் உள்பக்கம் வியர்க்கும், அந்த நீர்த்துளியில் சின்னது எல்லாம் ஒட்டிக்கொண்டு போய்விடும், ஆகவே சருகுக்கும் சுவருக்கும் ஒரு விரல் இடைவெளி விடுங்கள்.

இதெல்லாம் புனலைக் காப்பாற்றச் சொன்னது. உண்மையில் எறும்புக்கு நான் புனல் வைக்க மாட்டேன். மண்ணுண்ணியும் வால்வில் பூச்சியும் வேண்டும் என்றால் புனல், சருகெறும்பு வேண்டும் என்றால் விங்க்லர் பை. ஒரு சதுர மீட்டர் சருகை மேல்மண்ணோடு வாரி, ஒரு சென்டிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் போட்டு நன்றாகக் குலுக்க வேண்டும். முழு இலை, குச்சி எல்லாம் மேலே நின்றுவிடும், கீழே விழுந்த தூளை வலைப்பையில் போட்டு, அந்த வலைப்பையை ஒரு பெரிய துணிப்பைக்குள் தொங்கவிட்டு, துணிப்பையின் அடியில் ஸ்பிரிட் டம்ளரைக் கட்டி 48 மணி நேரம் விட்டுவிடுவது. கரண்டும் வேண்டாம், பல்பும் வேண்டாம். வீடு கலைந்த எறும்பு சும்மா இருக்காது, அங்கும் இங்கும் ஓடும், வலைக்கு வெளியே கால் வைத்ததும் கீழே விழும். இதற்கும் ஒரு குறை உண்டு. தொட்டதும் சுருண்டு செத்த மாதிரி கிடக்கும் ரகங்கள் ஓடவும் மாட்டா, விழவும் மாட்டா. அதனால் பையைக் கழற்றியதும் மிச்சத் தூளை ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பிப் பத்து நிமிஷம் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

ஐந்து சாம்பிள் போதாது. உலகம் முழுக்கச் சருகெறும்புக்காரர்கள் பின்பற்றும் ஏ.எல்.எல். (ஆன்ட்ஸ் ஆஃப் தி லீஃப் லிட்டர்) முறை என்று ஒன்று இருக்கிறது, 200 மீட்டர் கோடு, பத்துப் பத்து மீட்டர் தள்ளி 20 சாம்பிள், ஒவ்வொன்றும் ஒரு சதுர மீட்டர், கூடவே 20 குழிப்பொறி, அதாவது நீங்கள் கேட்ட மண்ணில் புதைக்கும் கப். நாலைந்து ஏக்கரில் நேராக 200 மீட்டர் ஓடாது, நூறு நூறாக மடக்கிக்கொள்ளுங்கள், வேலி ஓரத்தை விட்டுத் தள்ளியே போடுங்கள். தைலத்திலும் அதே கணக்கு. காட்டில் 20, தோப்பில் 8 என்று எடுத்துவிட்டு "காட்டில் இனங்கள் அதிகம்" என்று எழுதினால் வைவாவில் முதல் கேள்வியே அதுதான்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள், தலையை எண்ணி ஒப்பிடாதீர்கள். எறும்பு கூட்டமாக வாழ்வது. நீங்கள் சருகு வாரும் ஒரு சதுர மீட்டர் தற்செயலாக ஒரு பெருந்தலை எறும்புப் புற்றின் மேல் விழுந்தால் அந்த ஒரு பையில் நானூறு விழும், மற்ற பத்தொன்பதில் ஒன்றுகூட இருக்காது. அந்த நானூறை வைத்து "இதுதான் இங்கே ஆதிக்க இனம்" என்று எழுதினால் அபத்தம். இருபதில் எத்தனை பையில் வந்தது, அதை எண்ணுங்கள்.


தேனி_அக்கா:

சாமி அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் விங்க்லர் பை என்றதும் தம்பி ஆன்லைனில் விலை பார்த்துவிட்டு மயங்கி விழக்கூடாது என்பதால் இதை எழுதுகிறேன். நான் பி.எச்டி. பண்ணும்போது மொத்தப் பையையும் பழைய உள்பாவாடையில்தான் செய்தேன். சிரிக்காதீர்கள், யோசித்துப் பாருங்கள், ஏற்கெனவே குழாயாகத் தைத்தது, காட்டன், நெசவு நெருக்கம், ஒரு முனையில் நாடா வேறு இருக்கிறது. தலைகீழாகப் பிடியுங்கள். அகலமான கீழ்விளிம்பை மேலே கொண்டுபோய்ப் பழைய சைக்கிள் ரிம்மிலோ தடிமனான கம்பி வளையத்திலோ சுற்றித் தைத்துவிடுங்கள், அது வாய். இடுப்பு நாடா கீழே வரும், அதில் டம்ளரின் கழுத்தை இறுக்கிக் கட்டிவிடலாம்.

முதல் தடவை செய்தபோது ஒரு தப்பு நடந்தது. நாடாவை இறுக்கியதும் இடுப்புப் பக்கம் சுருக்கம் சுருக்கமாக மடிந்துவிட்டது, விழுந்த எறும்பெல்லாம் டம்ளருக்குப் போகாமல் அந்த மடிப்புக்குள்ளேயே தங்கிவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தபோது ஒவ்வொரு மடிப்பிலும் நாலு நாலு பேர் குடித்தனம் நடத்துகிறார்கள். பிறகு வழுவழுப்பான பிளாஸ்டிக் ஷீட்டைக் கூம்பாகச் சுருட்டி, கூம்பின் மேல் ஓரத்தைப் பாவாடையின் உள்பக்கம் சுற்றித் தைத்து, நுனியை டம்ளருக்குள் இறக்கிவிட்டேன், சரியாகிவிட்டது. உள் வலைப்பைக்கு வெங்காய மூட்டை வலை கச்சிதம், கண் அளவு நாலு மில்லிமீட்டர் பக்கம் வரும். கொசுவலையில் செய்யாதீர்கள், கட்டெறும்பு நுழையாது. வலைப்பையைக் குண்டாக நிரப்பாமல் தோசைக்கல் மாதிரி தட்டையாக, இரண்டு மூன்று விரல் கனத்துக்குத்தான் நிரப்ப வேண்டும். குண்டாக இருந்தால் நடுவில் இருப்பது வெளியே வரவே வராது. பாவாடையின் வாயை மேலே முடிச்சுப் போட மறக்காதீர்கள், மறந்தால் மறுநாள் காலையில் வராந்தா முழுக்க உங்கள் சாம்பிள் ஊர்வலம் போகும்.

சல்லடை மேஸ்திரிமார் மணல் சலிக்கும் சல்லடையே போதும், ஹார்டுவேர் கடையில் கண் அளவைச் சென்டிமீட்டர் கணக்கில் அளந்து பார்த்து வாங்குங்கள்.

எப்போது போவது என்பதும் முக்கியம். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், நனைந்த சருகு சல்லடையில் இறங்காமல் அப்பிக்கொள்ளும். காலைப் பனி காய்ந்த பிறகு, பத்து மணிக்கு மேல் சரியாக இருக்கும். சித்திரை வைகாசிக்குத் தள்ளிப் போடாதீர்கள், அப்போது உங்கள் பக்கத்துச் சருகு அப்பளமாக நொறுங்கும், எறும்பெல்லாம் மண்ணுக்குள்ளே போய்விடும், வெறும் தூள்தான் சலிப்பீர்கள். ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து ஈரம் இன்னும் மிச்சம் இருக்கும் தை மாதம் நல்ல நேரம்.

கையால் பொறுக்க உறிஞ்சு குழாய் செய்யப் போகிறீர்கள் என்றால் வாய்ப் பக்கக் குழாயின் நுனியில் மெல்லிய துணி கட்டுங்கள், அப்படிக் கட்டினாலும் முசுறை மட்டும் உறிஞ்சாதீர்கள். முசுறும் கட்டெறும்பும் பின்பக்கத்திலிருந்து ஃபார்மிக் அமிலம் பீய்ச்சும். துணி எறும்பைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஒரே குழாயில் முப்பது முசுறைச் சேர்த்துவிட்டு ஆழமாக ஒரு இழுப்பு இழுத்தேன், இரண்டு நாள் தொண்டையில் மிளகாய் அரைத்த மாதிரி இருந்தது.


கேமராக்_கண்ணன்:

எனக்கு ஒன்று புரியவில்லை. எதற்கு இத்தனை உயிரை ஸ்பிரிட்டில் போட்டுக் கொல்ல வேண்டும்? இப்போதுதான் மேக்ரோ லென்ஸ் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது, போட்டோ எடுத்துப் போட்டால் ஆப் பெயர் சொல்லிவிடுகிறது. அதுவும் சாமி காட்டில்.


சல்லடைச்_சாமி:

கண்ணன், கேள்வி நியாயமானதுதான். முசுறு, கட்டெறும்பு, உதட்டில் கத்தரிக்கோல் வைத்த மாதிரி தாடையோடு குதிக்கும் குதியெறும்பு, இதற்கெல்லாம் போட்டோ போதும், நானும் கொல்வதில்லை. சருகுக்குள் இருப்பது வேறு உலகம். ஒன்றரை இரண்டு மில்லிமீட்டர், எல்லாம் பழுப்பு, எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். நெருப்பெறும்பையும் பெருந்தலை எறும்பின் சின்ன வேலைக்காரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வெறும் கண்ணுக்கு அக்கா தங்கை மாதிரி இருக்கும். மைக்ராஸ்கோப்பில் உணர்கொம்புக் கணுவை எண்ணினால்தான் வித்தியாசம் தெரியும். நெருப்பெறும்புக்குப் பத்து, நுனியில் இரண்டு கணு மட்டும் தடித்திருக்கும். பெருந்தலைக்குப் பெரும்பாலும் பன்னிரண்டு, நுனியில் மூன்று தடித்திருக்கும், முதுகில் இரண்டு முள்ளும் உண்டு. இதை எந்த ஆப்பும் கைபேசிப் படத்தில் எண்ணாது. நாம் எடுப்பது பெரும்பாலும் வேலைக்கார எறும்புகளைத்தான், நானூறு போனாலும் புற்று மீண்டுவிடும். ஆனால் உங்கள் பேச்சில் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன், இருபதுக்கு மேல் இன்னும் பத்து எடுப்போமே என்று ஆசைக்கு எடுக்கக் கூடாது.

தம்பிக்கு, குழிப்பொறி பற்றிக் கேட்டிருந்தீர்களே, சருகைச் சலிப்பதோடு சேர்த்து வையுங்கள், அதற்குப் பதிலாக அல்ல. குழியில் விழுவது மண் மேலே வேகமாக ஓடித் திரியும் எறும்பு, சருகுக்குள்ளேயே ஊர்ந்து வாழ்வது அதில் அதிகம் விழாது. கப்பின் விளிம்பு மண்ணோடு மண்ணாக இருக்க வேண்டும், ஒரு நூல் மேலே நின்றாலும் எறும்பு சுற்றிக்கொண்டு போய்விடும். புதைத்த அன்றே திறக்காதீர்கள், தோண்டிய புதுமண்ணைப் பார்க்கவே எறும்பு கூட்டமாக வரும், கணக்குத் தப்பாகும். இரண்டு மூன்று நாள் மூடி போட்டு வைத்துவிட்டு அப்புறம் திறங்கள். உள்ளே தண்ணீரில் நாலு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு, இரண்டு நாளைக்குத் தாங்கும். யாராவது கார் ரேடியேட்டர் கூலண்ட் ஊற்றச் சொன்னால் கேட்காதீர்கள், அது இனிக்கும், நாயோ ஆடோ குடித்தால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும்.


வடக்குத்தெரு_ஐயா:

நான் விவசாயி, எறும்பு ஆராய்ச்சி எல்லாம் தெரியாது. ஆனால் அந்தப் பக்கத்துச் சாமி காடு தெரியும். தம்பி, சல்லடையைத் தூக்குவதற்கு முன்னால் பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் போய் உட்கார்ந்து பேசுங்கள். எங்கள் ஊரில் காய்ந்து விழுந்த குச்சியைக்கூட அடுப்பெரிக்க எடுக்க மாட்டோம், செருப்போடு உள்ளே போக மாட்டோம். நீங்கள் பாட்டுக்குச் சருகை மூட்டை கட்டினால் உரத்துக்கு அள்ளுகிறான் என்றுதான் நினைப்பார்கள், பேச்சு வளரும். சலித்த இலையையும், பையில் போட்ட தூளையும் வேலை முடிந்ததும் எடுத்த இடத்திலேயே திரும்பப் போட்டுவிடுவேன் என்று சொல்லுங்கள், சொன்ன மாதிரி போட்டும் விடுங்கள். அப்படிச் சொன்னால் எங்கள் ஊரில் ஒத்துக்கொள்வார்கள். காப்புக்காடாக இருந்தால் வனத்துறையில் எழுதி வாங்காமல் போகாதீர்கள்.

செருப்பைப் பற்றியும் அப்போதே பேசிவிடுங்கள். வெறுங்காலோடு சருகைக் கிளறுவது புத்திசாலித்தனம் இல்லை, அந்த நிறத்திலேயே சுருட்டை விரியன் படுத்திருக்கும். புதுத் துணி ஷூ வாங்கி, காட்டுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்கிறேன் என்றால் கேட்பார்கள். கையை விட்டு அள்ளாமல் கொத்துக் கரண்டியால் வாருங்கள், முதலில் ஒரு குச்சியால் தட்டிவிட்டு.


புதுகைப்_பொடியன்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லாருக்கும் நன்றி, முதலில் ஐயாவுக்கு. பூசாரியிடம் போனேன். "எறும்பைப் பிடித்து என்ன செய்வாய்" என்று ஒரு மணி நேரம் விசாரித்துவிட்டு, கடைசியில் அவரே கூட வந்து எந்த மூலையில் புற்று இருக்கிறது, எந்தப் பக்கம் போகக்கூடாது என்று காட்டினார். நான் சலித்த இலையைத் திரும்பப் போடுகிறேனா என்று முதல் இரண்டு இடத்தில் நின்று பார்த்தார், மூன்றாவதில் போய்விட்டார்.

பொங்கல் லீவில் ஆறு பாவாடைப் பை தைத்தோம். வராந்தா விட்டத்தில் வரிசையாகத் தொங்கவிட்டதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு ஆத்தா என்ன வேண்டுதல் என்று கேட்டார்கள். ஆறாறாக மாற்றி மாற்றிக் காடு இருபது, தைலம் இருபது முடிப்பதற்குள் பதினைந்து நாள் ஆகிவிட்டது. பை காலியாகும் வரை காத்திருந்த தூளைத் துணிப்பையில் கட்டி நிழலில் வைத்தேன், இரண்டு நாளுக்கு மேல் எதையும் வைக்கவில்லை, அதில் தப்பு உண்டா?

முதல் இரண்டு மணி நேரம் டம்ளரில் ஒன்றும் இல்லை. மறுபடியும் கோட்டை விட்டோம் என்று நினைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் அடியில் எள்ளைக் கொட்டின மாதிரி கருப்பும் பழுப்புமாகக் கிடக்கிறது! தைலத்தில் தலை கணக்கில் எறும்பு குறைவே இல்லை, ஆனால் பைக்குப் பை அதே நீளக்கால் மஞ்சள் எறும்புதான். காட்டில் ஒவ்வொரு பையும் வேறு மாதிரி இருக்கிறது. நான் தலையை எண்ணியிருந்தால் தைலம்தான் ஜெயித்திருக்கும், சாமி அண்ணன் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. போலித்தேள் ஐந்தாறு, நகத்தில் பாதிகூட இல்லை, தேளின் கொடுக்கைப் பெரிதாக வைத்துக்கொண்டு வாலை மட்டும் மறந்துவிட்டு வந்த மாதிரி.

ஒன்றைப் பற்றி மட்டும் கேட்க வேண்டும். காட்டுப் பை எண் ஒன்பதில் ஒரு எறும்பு, ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும், இடுப்பில் இரண்டு கணு, தலை இதய வடிவம், பின்பக்கம் அகலமாகி முன்னால் குறுகுகிறது. தாடை இரண்டும் இடுக்கி மாதிரி நீண்டு, நுனியில் மட்டும் பல். உணர்கொம்புக் கணு எண்ணினேன், ஆறுதான் வருகிறது, மூன்று தடவை எண்ணிவிட்டேன். கொம்பு உடைந்துவிட்டதா?


தேனி_அக்கா:

உடையவில்லை தம்பி, நன்றாகத்தான் எண்ணியிருக்கிறீர்கள்! நீங்கள் சொல்லும் தலையையும் தாடையையும் பார்த்தால் ஸ்ட்ருமிஜெனிஸ் என்ற எறும்புப் பேரினம். அந்தக் கூட்டத்தில் கணு அவ்வளவு குறைவாகத்தான் இருக்கும். தாடையை விரித்துவைத்துக்கொண்டு வால்வில் பூச்சிக்காகப் பதுங்கி நிற்கும், பக்கத்தில் வந்ததும் டப் என்று மூடும். கலைத்தால் சுருண்டு கிடப்பதும் இதுதான், பை ஒன்பதின் மிச்சத் தூளைக் கொட்டிவிடாமல் இருந்தால் மறுபடி தட்டில் பரப்பிப் பாருங்கள். உங்கள் பழைய பாட்டில் புனலையும் தூக்கிப் போடாதீர்கள், அதே இடத்துச் சருகைக் குண்டு பல்பு போட்டு வடித்தால் அது தின்னும் வால்வில் பூச்சியும் கிடைக்கும், புராஜெக்ட்டில் ஒரு அத்தியாயம் சும்மா வரும். படம் எடுக்க ஜெல் சானிடைசரில் மூழ்கவைத்து எடுங்கள், எந்தக் கோணத்தில் வைத்தாலும் அசையாமல் நிற்கும்.

இரண்டு நாள் நிழலில் வைத்ததில் பெரிய தப்பில்லை, அறிக்கையில் மறைக்காமல் எழுதிவிடுங்கள். லேபிளைப் பேனாவில் எழுதியிருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள், ஸ்பிரிட்டில் மை கரைந்துவிடும். கெட்டித் தாளில் பென்சிலால் இடம், தேதி, பை எண், எடுத்தவர் பெயர், குப்பிக்கு வெளியே ஒட்டாமல் உள்ளேயே போட வேண்டும்.


புதுகைப்_பொடியன்:

அக்கா, பேனாவில்தான் எழுதியிருக்கிறேன். ஓடுகிறேன்.